சுமக்கப்படும் நம்பிக்கை: துக்க வீடும் சபையும்

(திருப்பத்தூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய எழுத்துவடிவம்)



இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய குடும்பத்தார் தங்கள் வீட்டில் நேர்ந்த ஓர் இழப்பின் நினைவாக இதைத் தொடங்கியிருக்கிறார்கள். துயரத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஆனால் அது பிரசங்கமாக இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அந்த இரண்டாவது வேண்டுகோள் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

துக்கம் என்றால் என்ன என்று இந்த ஊருக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது இந்த ஊரில்தான். அவர்களோடு போராடி எஞ்சியவர்களில் பலரைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். பிணத்தை அடக்கம் செய்த வீடுகளும், போனவர் திரும்புவாரா என்று தெரியாத வீடுகளும் இந்தச் சீமையில் ஒரே காலத்தில் இருந்தன. பின்னர் ஸ்வீடன் மிஷனார் இங்கே மருத்துவமனை கட்டினார்கள். அதன் வராந்தாக்களில் எத்தனை தலைமுறைகள் காத்திருந்தன என்பது உங்களுக்கே தெரியும். எனவே துக்கம் எப்படிப்பட்டது என்று நான் விளக்கப்போவதில்லை. துக்க வீட்டுக்குள் நுழையும் கிறிஸ்தவர்கள் அங்கே என்ன செய்கிறோம் என்பதையே பேச விரும்புகிறேன்.

என் கருத்து இதுதான். இழப்பில் நொறுங்கியிருப்பவரிடம் நம்பிக்கையை எதிர்பார்க்கக் கூடாது. அவர் எழுந்து நிற்கும்வரை அவருடைய நம்பிக்கையைச் சபை சுமக்க வேண்டும். கிறிஸ்தவ நம்பிக்கை தனிமனிதரின் மன உறுதியாகச் சுருங்கிப்போனதால் நம் ஆறுதல் மொழி பல நேரம் காயத்தைக் கிளறுகிறது. இதை ஆறு கருத்துகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. படுக்கையில் கிடந்தவர் பேசவே இல்லை

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் கப்பர்நகூமில் நடக்கும் நிகழ்ச்சி நாம் சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் கேட்டதுதான். வீட்டுக்குள் கூட்டம், வாசலிலும் இடமில்லை. முடக்குவாதக்காரர் ஒருவரை நான்கு பேர் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். கூரையைப் பிரித்து அவரை உள்ளே இறக்குகிறார்கள். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று மாற்கு பன்மையில் எழுதுகிறார். படுத்திருப்பவர் கதை முழுவதும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவருக்கும் விசுவாசம் இருந்திருக்கலாம். ஆனால் அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

நாம் சோதித்துப் பார்க்கிறோம். புற்றுநோய் வார்டில் படுத்திருப்பவரிடம் போய், "விசுவாசத்துல உறுதியா இருங்க, எல்லாம் சரியாயிரும்" என்கிறோம். சரியாகாதபோது நோயின் பாரத்தோடு, விசுவாசம் போதவில்லை என்ற பழியும் அவர்மேல் ஏறுகிறது. அவர் இறந்த பிறகு அந்தப் பழி, சரியாக ஜெபிக்கவில்லையோ என்ற கேள்வியாக மனைவியிடமும் பிள்ளைகளிடமும் போய்ச் சேர்கிறது.

மாற்கு காட்டுவது வேறு வழி. ஞாயிறு ஆராதனையில் ஒருவரால் பாட முடியவில்லை என்றால், பக்கத்தில் நிற்பவர்கள் பாடுவது அவருக்காகவும்தான். விசுவாசப் பிரமாணத்தை அவர் வாய் சொல்ல மறுத்தால், சபை அவருக்காகச் சொல்கிறது. ஆலயத்துக்கே வர முடியாத மாதங்களிலும் அவர் சபைக்கு வெளியே போய்விடவில்லை.

2. புலம்பலுக்கு நடுவே நம்பிக்கை

நம் வீடுகளில் தொங்கும் வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி இடம்பெறும் வசனங்களில் ஒன்று, கர்த்தருடைய இரக்கம் காலைதோறும் புதிதாகிறது என்ற பொருளில் வருவது. அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டால் பலர் சங்கீதம் என்பார்கள். உண்மையில் அது எருசலேம் இடிந்து கிடக்கும் காட்சியை ஐந்து அதிகாரங்களில் அழுது தீர்க்கும் புலம்பல் புத்தகத்தில் இருக்கிறது.

அது எந்த இடத்தில் வருகிறது என்று கவனியுங்கள். மூன்றாம் அதிகாரத்தில், நூலின் நடுப்பகுதியில் வருகிறது. அதற்குப் பிறகு அழுகை நின்றுவிடுவதில்லை. நான்காம் அதிகாரத்தில் பட்டினியால் வாடும் பிள்ளைகள் வருகிறார்கள். ஐந்தாம் அதிகாரம் கடவுள் எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டாரோ என்ற கலக்கத்தோடு நின்றுபோகிறது. நம்பிக்கை அங்கே முடிவுரையாக வரவில்லை. புலம்பலின் நடுவே ஒருமுறை வெளிப்பட்டு, மறுபடி புலம்பலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. துக்கத்தில் இருப்பவர்களின் நாட்களும் அப்படித்தான். காலையில் ஜெபம் செய்தவர் மாலையில் சட்டை மடிக்கும்போது உடைந்து அழுவார். அதற்காக அவர் பின்வாங்கிப் போனவர் ஆகிவிட மாட்டார்.

சங்கீதங்கள் நூற்றைம்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள். எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளோடு முடிகிறது. திருப்பம் ஏதும் இல்லை. அதையும் வேதத்திலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை. ஆனால் நம் சபைகள் பலவற்றில் ஒப்பாரியை அவிசுவாசத்தின் அடையாளமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதினார் என்பது உண்மை. துக்கிக்கவே வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் கூடி, தோளைக் கட்டிக்கொண்டு, செத்தவரின் குணத்தையும் கொடையையும் பாட்டாகச் சொல்லி அழுவார்கள். துக்கம் ஒருவர் நெஞ்சுக்குள் அடைபடாமல் பலர் நடுவே வெளியே வருவதற்கு நம் மண் கண்டுபிடித்த வழி அது. பாடல்குழுவின் பாமாலைக்கு இடம் கொடுக்கும் அடக்க ஆராதனையில், வீட்டுப் பெண்களின் அழுகைக்கும் அரைமணி நேரம் ஒதுக்கலாம்.

3. ஒரே வாக்கியம், இரண்டு பதில்கள்

லாசரு இறந்து நான்கு நாளுக்குப் பிறகு பெத்தானியாவுக்கு இயேசு வருகிறார். மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே அவரைச் சந்திக்கிறார்கள். இருவரும் சொல்வது ஒன்றே: நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் இறந்திருக்க மாட்டான். மார்த்தாளிடம் அவர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மரியாளிடம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, கண்ணீர் விடுகிறார். சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர் அழுகிறார். முடிவு தெரிந்திருந்தும் அவர் கண்ணீரைத் தவிர்க்கவில்லை.

ஒரே கூரையின்கீழ் ஒரே இழப்பைச் சுமக்கும் இரண்டு பேருக்கு இரண்டு விதமான துணை வேண்டியிருக்கிறது. ஒருவருக்குப் பேச வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். இன்னொருவருக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். எல்லோருக்கும் ஒரே துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு வருவது இந்த வித்தியாசத்தைக் காணாத வேலை.

யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு பகல் ஏழு இரவு அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது. நூலின் இறுதியில் கடவுள் அவர்களைத்தான் கடிந்துகொள்கிறார். தம்மோடு வழக்காடிய யோபுவை அல்ல. அந்த நண்பர்களுக்காக யோபுவே ஜெபிக்க வேண்டியிருந்தது.

நம் ஆறுதல் மொழிகளில் சிலவற்றை நாமே விட்டுவிடலாம். "கர்த்தர் தம் தோட்டத்துல நல்ல பூவைப் பறிச்சுக்கிட்டார்" என்று பிள்ளையை இழந்த தாயிடம் சொல்கிறோம். அந்தத் தாய்க்கு அதற்குப் பிறகு அந்தக் கடவுளிடம் எப்படி ஜெபிப்பது என்று தெரியாமல் போகலாம். "எல்லாம் நன்மைக்கே" என்பதும் அப்படித்தான். பின்னால் ஒருநாள் அவரே அப்படிச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். முதல் நாளில் நாம் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

4. விழுந்தவர் எழுதிய கடிதங்கள்

சுமக்கப்படுபவர் எப்போதும் சுமையாகவே இருப்பார் என்று எண்ணிவிடக் கூடாது. திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் பணிசெய்த ஏமி கார்மைக்கேல் இதற்கு நல்ல சான்று. அயர்லாந்தில் 1867-இல் பிறந்து 1895-இல் இந்தியா வந்தவர். 1931 அக்டோபரில், களக்காட்டில் மருந்தகம் நடத்துவதற்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டும் வேளையில் வெட்டிப் போட்டிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தார். ஆறிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே அவர் வாழ்க்கை முடங்கிப்போனது.

அந்த அறையிலிருந்து 1933-இல் ‘ரோஸ் ஃப்ரம் ப்ரையர்’ என்ற நூல் வெளிவந்தது. நோயுற்றவர்களுக்காக அவர் எழுதிய கடிதங்களின் தொகுப்பு அது. நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் நூல்கள் தம்மை வந்து தொடவில்லை என்பதையே அவர் காரணமாகச் சொல்கிறார். படுத்துக் கிடப்பவருக்குப் படுத்துக் கிடப்பவர் எழுத வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. வலி குறைந்த பிறகு நினைவுகூர்ந்து எழுதியதல்ல. வலி இருக்கும்போதே எழுதியது. நம் உபத்திரவத்தில் நாம் பெற்ற ஆறுதலால் பிறரைத் தேற்றுவதைப் பற்றி இரண்டாம் கொரிந்தியரின் முதல் அதிகாரத்தில் பவுல் சொல்வதற்கு அந்த அறை ஒரு விளக்கவுரை.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம். துக்க வீட்டுக்கு ஆயரோடு சபை மூப்பர்களை மட்டும் அழைத்துப் போகிறோம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் அதேபோன்ற இழப்பைச் சந்தித்த ஒருவரையும், அவர் சம்மதித்தால், உடன் அழைத்துப் போங்கள். பேறுகாலத்தில் குழந்தையை இழந்த பெண்ணிடம், அப்படி இழந்த இன்னொரு பெண் உட்கார்ந்து பேசுவதற்கு ஈடாக எந்தப் பிரசங்கமும் வராது.

5. நாம் சுமக்க மறுத்தவர்கள்

இந்தப் பகுதியைச் சொல்லாமல் போனால் இதுவரை பேசியது வெறும் அழகாகிவிடும். நம் சபைகளுக்கும் வாசற்படிகள் உண்டு. ஞானஸ்நானம் பெற்ற வீடுகளிலும் கணவனை இழந்த பெண், மகளின் திருமணத்தில் முன்வரிசைக்கு வரத் தயங்குகிறார். மாலை எடுத்துக் கொடுக்க வேறொருவரைத் தேடுகிறார்கள். உயிர்த்தெழுதலைப் பாடும் வாயாலேயே "அவங்க வேண்டாம், சகுனம்" என்றும் சொல்கிறோம்.

டோனாவூரின் கதையிலேயே இதற்கு எதிரான சாட்சியம் இருக்கிறது. பொன்னம்மாள் இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். ஏமி கார்மைக்கேலோடு ஊர் ஊராகச் சென்ற பெண்கள் குழுவில் அவர் முதன்மையானவர். பின்னர் நெய்யூரில் கைக்குழந்தைகளுக்கான காப்பகத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். புற்றுநோயோடு போராடி 1915-இல் இறந்தார். அவருடைய வாழ்க்கையை ஏமி கார்மைக்கேல் தனி நூலாகவே எழுதினார். பரிதாபத்துக்குரியவராக மூலையில் உட்கார்த்தப்பட்டிருந்தால் அந்தக் குழந்தைகளுக்கு யார் தாயாகியிருப்பார்கள்?

கொல்லிமலையிலும் இதைப் பார்க்கிறோம். மிஷனரி ஜெஸ்ஸி பிராண்ட் 1929 ஜூனில் மலைக்காய்ச்சலின் கடும் வடிவத்தால் அங்கேயே இறந்தார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகன் பாலுக்கு வயது 15-கூட ஆகவில்லை. இறப்புச் செய்தி தந்தியில் வந்த பிறகும் தந்தை எழுதியிருந்த கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. மனைவி எவலின், ஊருக்குப் போய்விட்டு மறுபடி தமிழ்நாட்டுக்கே திரும்பினார். ஓய்வு வயது வந்தபோது மிஷனின் ஓய்வை ஏற்றுக்கொண்டு, மலையேறித் தம் விருப்பப்படி பணியைத் தொடர்ந்தார். 1974-இல் 95-ஆம் வயதில் இறந்து, கணவருக்கருகே கொல்லிமலையில் அடக்கம் செய்யப்பட்டார். துக்கத்தில் இருக்கும் பெண்ணுக்குச் சபை தரக்கூடிய பெரிய ஆறுதல்களில் ஒன்று, பொறுப்புள்ள ஒரு வேலை.

இன்னொரு வாசற்படி தற்கொலை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, தெரிந்தே தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. நம் நாட்டிலும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. சட்டங்கள் மாறிவிட்டன, நம் நாவு மாறவில்லை. அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்காரத் தயங்குகிறோம், காரணம் கேட்கிறோம். பெற்றவர்கள் தங்களைத் தாங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கும்போது நாமும் சாட்சியம் கேட்கப் போகக் கூடாது.

6. நியாயம் கேட்பதும் நம்பிக்கையின் வேலை

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்தில், சந்தேகப்பட்ட சபை உறுப்பினர் ஒருவர் குண்டோடு வந்தவரை உள்ளே விடாமல் தடுத்தார். குண்டு முற்றத்தில் வெடித்தது. அங்கே ஏறக்குறைய 30 பேர் இறந்தார்கள். 14 பேர் குழந்தைகள், பலர் ஞாயிறு பள்ளி முடித்து வெளியே வந்திருந்தவர்கள்.

இத்தகைய பேரழிவில் வெளியூர்க் கிறிஸ்தவர்கள் முதலில் தேடுவது மன்னிப்பின் செய்தியை. அப்படி மன்னித்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களை வணங்குவோம். ஆனால் பிள்ளையைப் புதைத்தவரிடம் மன்னித்துவிட்டீர்களா என்று நாம் கேட்பது அவர்மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவதாகும். அவருடைய மன்னிப்பு எப்போது வரும் என்பது அவருக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ளது. சபையின் வேலை வேறு: அவருக்கு நேர்ந்தது மறக்கப்படாமல் பார்ப்பது. கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் முழுமையான விசாரணை வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் கேட்டுவருகிறார். உளவு எச்சரிக்கை வந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுப்பதும் மனுக் கொடுப்பதும் விசுவாசக் குறைவு ஆகாது. நீதியற்ற நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போய் நின்ற விதவையை லூக்கா நற்செய்தி ஜெபத்துக்கே மாதிரியாகக் காட்டுகிறது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, அந்தத் துக்கத்தைக் கருவியாக்கிப் பக்கத்து வீட்டு முஸ்லிம்மீது வெறுப்பை வளர்க்க யாரையும் விடக்கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, நாகூர் தர்கா தன் இடத்தில் மதம் பாராமல் உடல்களை அடக்கம் செய்ய இடம் கொடுத்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணிக் கரையில் இறந்த பயணிகளை நினைக்கும்போது அதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இனி, செய்ய வேண்டியவை

மேற்சொன்னவை திருப்பத்தூரில் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நம் ஊர்களில் கேதம் விசாரிக்க வருகிறவர்கள் பதினாறாம் நாள்வரை குறைவில்லாமல் வருகிறார்கள். அதற்குப் பிறகுதான் வீடு வெறிச்சோடுகிறது. சுமக்கும் வேலை அன்றுதான் தொடங்குகிறது.

முதல் மாதத்தில் ஜெபத்தைவிட அவசரமாகத் தேவைப்படுவது சில வீடுகளில் ஆவணங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும். வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு, குடும்ப ஓய்வூதியம் என்று அலைய வேண்டும். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இறந்தவர் என்றால் தூதரகக் காகிதங்கள் வேறு. இவற்றில் பழக்கமுள்ள ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவராவது எல்லாச் சபையிலும் இருப்பார். அவர் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நிற்பது ஊழியம்தான்.

அடுத்தது நாட்காட்டி. இறந்தவரின் பிறந்தநாள், முதல் கிறிஸ்துமஸ், கல்லறைத் திருநாள், ஆண்டு நிறைவு. இந்த நாட்களை ஆயரகத்தில் எழுதி வைத்து, அன்று இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைத் தவிர்ப்பது அவர்களுக்கு நல்லது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

மூன்றாவது, எல்லை தெரிந்திருப்பது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, ஆறு மாதங்களுக்கு மேலும் ஒருவரை முடக்கிப்போடும் நீடித்த துக்கத்தைச் சிகிச்சை தேவைப்படும் நிலையாகச் சேர்த்திருக்கிறது. உண்ணாமல், உறங்காமல், சாவையே பேசிக்கொண்டிருப்பவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். உபவாச ஜெபம் அதற்கு மாற்றாகாது.

சுமப்பவர்களும் சோர்ந்துபோவார்கள். பணி முடித்து நேரே இங்கு வந்திருக்கும் செவிலியர்களே, இது உங்களுக்குத் தெரியும். கெத்செமனேயில் விழித்திருக்கச் சொன்ன சீடர்கள் தூங்கிப்போனார்கள். அதற்காக இயேசு அவர்களைத் தள்ளிவிடவில்லை. நம் நம்பிக்கை நம் தோள்பலத்தில் நிற்பதாக இருந்தால் எப்போதோ கீழே விழுந்திருக்கும். கிறிஸ்து மரித்தார், உயிர்த்தார் என்பது நம் மனநிலையைக் கேட்டு நடந்ததல்ல. எனவேதான் ஒருவர் அதை உணர முடியாத நாளிலும் இன்னொருவர் அவருக்காக அதைப் பிடித்திருக்க முடிகிறது. உயிர்த்தவரின் கைகளில் காயங்கள் இருந்தன என்று யோவான் எழுதுகிறார். காயம் மறைந்த பிறகுதான் நம்பிக்கை என்று யாரிடமும் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை.

அடுத்து உங்கள் சபையில் நடக்கும் ஆறுதல் கூட்டத்தில் செய்தியைப் பத்து நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில், வரும் ஓராண்டுக்கு அந்த வீட்டுக்கு யார் எந்த மாதம் போவது என்று பட்டியல் எழுதுங்கள். பெயர் கொடுத்தவர்கள் போகிறார்களா என்று பார்ப்பதற்கும் ஒருவரை நியமியுங்கள். இந்தச் சொற்பொழிவால் அந்தப் பட்டியல்களில் ஒன்றாவது உருவானால், அறக்கட்டளை நிறுவியவர்களின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வேன்.